கடல் கடந்த மாணவரும் பண்பாட்டு அதிர்ச்சியும்

ஆரணியின் நெசவுத் தெருக்களில் காலை வேளையில் நடப்பவர்களுக்கு நன்கு பழகிய காட்சி ஒன்று உண்டு. தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு விரித்துக் கட்டப்பட்டிருக்கும். வெயில் ஏறுமுன் இழைகளை ஒழுங்குபடுத்தி முடிக்க வேண்டும். அது ஒரு வீட்டாரால் மட்டும் ஆகிற வேலையன்று. அக்கம்பக்கத்தாரும் கை கொடுப்பர். தறியோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தந்தை நெய்வார், தாய் தார் சுற்றுவார், பிள்ளை அருகில் அமர்ந்து பாடம் படிக்கும். தொழில் வேறு, குடும்பம் வேறு, தெரு வேறு என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தகைய வீட்டில் வளர்ந்த பிள்ளை பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக வெளிநாடு செல்வது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் பயின்றனர். பிற நாடுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டும். இவர்களில் பலர் வீட்டார் கடன் வாங்கி அனுப்பி வைத்தவர்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் தொலைபேசியில் உற்சாகமான குரல் கேட்கும். சில மாதங்கள் கழித்துப் பேச்சு சுருங்கிவிடும். உணவு பிடிக்கவில்லை, உறக்கம் வரவில்லை, படிப்பில் மனம் நிலைக்கவில்லை என்ற நிலை வரும். ‘இவ்வளவு பாடுபட்டு அனுப்பியும் பிள்ளைக்கு மனவுறுதி போதவில்லையே’ என்று வீட்டார் வருந்துவர். அந்த மாணவரும் தம்மைப் பற்றி அப்படியேதான் எண்ணிக் கொள்வார்.

இது உண்மையிலேயே மனவுறுதிக் குறைவுதானா? அறிவியல் இதற்கு ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் வந்து முக்கால் நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனால் துன்பம் மிகப் பழையது. அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் மேற்கண்ட கேள்விக்கு விடை கிடைக்கும்.

பாசல் நகரத்து மாணவர்

1688ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேட்டை அளித்தார். வீட்டை விட்டுத் தொலைவில் வாழ்பவர்களுக்கு உண்டாகும் ஒரு வகை நோயைப் பற்றியது அந்த ஏடு. ‘திரும்புதல்’, ‘வலி’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற புதுச் சொல்லை அவர் உருவாக்கினார். இன்று பழைய நினைவுகளில் திளைப்பதைக் குறிக்கும் அச்சொல், தோன்றிய நாளில் ஒரு நோயின் பெயராகவே இருந்தது.

ஹோஃபர் விவரித்த நோயாளிகளில் ஒருவர் மாணவர். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்தவர். இரண்டும் சுவிட்சர்லாந்திலேயே உள்ள ஊர்கள். நடுவே கடலும் இல்லை, பெரிய பாலைவனமும் இல்லை. இருந்தும் அவர் நெடுநாள் சோகத்தில் ஆழ்ந்து, காய்ச்சல் கண்டு, சாகும் நிலையை எட்டினார். அவரைச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவாகிப் பயண ஏற்பாடு தொடங்கியதும் உடல் தேறத் தொடங்கியது. பெர்ன் போய்ச் சேருமுன்பே அவர் குணமடைந்துவிட்டார் என்று ஹோஃபர் எழுதுகிறார். ஊரைப் பிரிந்த துன்பம் தொலைவைப் பொறுத்ததன்று என்பதும், அது மனத்தோடு நின்றுவிடாமல் உடலையும் தாக்கும் என்பதும் அன்றே கவனிக்கப்பட்டன.

கடல் தாண்டத் தடை

நம் நாட்டில் இந்தத் துன்பத்தோடு இன்னொரு சுமையும் சேர்ந்து கொண்டது. கடல் கடந்து செல்வது ஆசாரக் குறைவு என்ற கட்டுப்பாடு சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை பல சமூகங்களில் வலுவாக இருந்தது. புறப்படும் மாணவர் ஊரை விட்டதோடு, ஊராரின் உறவையும் இழக்க நேர்ந்தது.

1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு அப்போது 19 வயது நிரம்பவில்லை. அவருடைய சாதிக் கூட்டம் அவரை விலக்கி வைத்திருந்தது. புலால், மது, பெண் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். லண்டனில் இரவு நேரங்களில் தாயையும் வீட்டையும் நினைத்து அழுததைப் பின்னாளில் தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த காய்கள் தொண்டையில் இறங்கவில்லை; கூச்சத்தால் இரண்டாம் முறை ரொட்டி கேட்கவும் வாய் வரவில்லை. ஆங்கிலக் கனவான்போல் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எண்ணி நடனம், வயலின், பிரெஞ்சு மொழி என்று சில மாதங்கள் முயன்று பார்த்தார். அதிலும் நிறைவு கிடைக்கவில்லை.

அவரைக் கரையேற்றியது ஒரு சிறிய உணவு விடுதி. நாள்தோறும் பல மைல் நடந்து தேடியபின் ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கிப் படித்தார். லண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தில் சேர்ந்து அதன் செயற்குழு உறுப்பினராகவும் ஆனார். எந்தப் பழக்கம் அவரை அந்நியராக்கியதோ, அதே பழக்கம் ஆங்கிலேய நண்பர்களைத் தேடித் தந்தது! இதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு அறிவியல் விளக்கம் காண்போம்.

திண்ணையிலிருந்து டிரினிட்டிக்கு

இனி, தமிழ்நாட்டு மாணவர் ஒருவரின் வரலாற்றுக்கு வருவோம். ஆரணியைப் போலவே பட்டுக்குப் பெயர் பெற்ற கும்பகோணத்தில், ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதியவரின் மகன் அவர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வீடு. அவ்வீட்டின் திண்ணையில் அமர்ந்து பலகையில் கணக்குப் போடுவார். தெருவில் போவோரும் வருவோரும் அவருக்கு இடையூறாக இருந்ததில்லை. அவர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழக எழுத்தராக இருந்தபோது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியதும், ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்ததும் பலரும் அறிந்த செய்திகள். கடல் கடக்கும் தடையை எண்ணி முதலில் மறுத்தவர், 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்ற கணித அறிஞரிடம் இசைவு தெரிவித்தார். சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது.

புறப்பாட்டுக்கு முந்திய நாட்களில் அவர் கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கப் பழகினார். காலர் வைத்த சட்டையும் காலணியும் அணியக் கற்றார். குடுமி கத்தரிக்கப்பட்டது. தாயாரையும் மனைவி ஜானகியையும் அதற்கு முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். இந்தக் கோலத்தில் தம்மை அவர்கள் காண வேண்டாம் என்பது அவர் எண்ணம். 1914 மார்ச் 17இல் ‘நெவாசா’ என்ற கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பியது. ஏப்ரல் 14இல் லண்டன் சேர்ந்தார். முதலில் நெவிலின் வீட்டிலும், சில வாரங்களுக்குப் பின் டிரினிட்டி கல்லூரி விடுதி அறையிலும் தங்கினார்.

கேம்பிரிட்ஜ் கல்லூரி அறைகளுக்கு இரண்டு கதவுகள் உண்டு. வெளிக்கதவு மூடியிருந்தால் ‘யாரும் தட்ட வேண்டாம்’ என்று பொருள். அதை அங்கே யாரும் தவறாக எண்ணுவதில்லை. படிப்பவருக்குத் தரும் மதிப்பு அது. கும்பகோணத்துத் திண்ணையிலிருந்து போனவருக்கோ மூடிய கதவு வேறு பொருளைத் தந்திருக்கும். நம் ஊரில் திண்ணை உள்ளவன் தனித்திருப்பதில்லை.

குளிரும் சோறும் போரும்

பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒரு நாள் இராமானுஜனைக் காணச் சென்றவர், இரவில் போதிய சூடு கிடைக்கிறதா என்று விசாரித்தார். மேற்சட்டை அணிந்து, சால்வையும் போர்த்திக் கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் போதுமான அளவு இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகப்பட்டு, மேலே விரிப்புப் போடப்பட்டிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை, சொல்ல வேண்டிய செய்தி என்று அங்கே எவருக்கும் தோன்றியிருக்காது.

எண்களின் உள்ளியல்பை அறிந்தவருக்குக் கம்பளி விரிப்பது தெரியவில்லையே என்று நகைப்பதற்கில்லை. பண்பாடு என்பதன் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. பிறந்தது முதல் அதில் வாழ்பவருக்கு அது கண்ணில் படாது; புதிதாக வருபவருக்கு அது எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. நுண்ணறிவால் ஊகித்து அறியக் கூடியதும் அன்று.

உணவில் அவருக்கு இணக்கமே கிடையாது. கல்லூரிச் சமையலறையில் மரக்கறி உணவும் புலால் பட்ட பாத்திரத்தில் ஆகியிருக்கக் கூடும் என்பதால், தம் அறையிலேயே சிறு அடுப்பில் சமைத்துக் கொண்டார். கணக்கில் மூழ்கினால் நேரம் தெரியாது. தொடர்ந்து முப்பது மணி நேரம் உழைப்பதும் பின்னர் நெடுநேரம் உறங்குவதும் வழக்கம். சமையல் எந்நேரத்திலோ நடக்கும். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. காய்கறியும் பழமும் கிடைப்பது அரிதாயிற்று. சென்னையிலிருந்து வரும் பொருள்களும் போரினால் தாமதப்பட்டன. கல்லூரி மாணவர்கள் போர்முனைக்குச் சென்றனர். ஹார்டியோடு இணைந்து இராமானுஜனின் கணிதத்தை உணர்ந்திருந்த லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் பணியாற்றச் சென்றார். டிரினிட்டியின் முற்றங்கள் வெறிச்சோடின.

ஹார்டி அவருக்குச் செய்த உதவிக்கு ஈடில்லை. ஆனால் அவர் இயல்பிலேயே ஒதுங்கிப் பழகுபவர். நாள்தோறும் புதுப்புதுத் தேற்றங்களைக் காட்டும் ஒருவரிடம் சொந்த விஷயங்களைக் கேட்கத் தோன்றாதவர். இருவருக்கும் இடையே கணிதம் பெருகிய அளவுக்கு வேறு பேச்சு வளரவில்லை. ஊரிலிருந்தோ மனைவியின் கடிதம் வருவதில்லை. தாம் எழுதியவை மாமியாரைத் தாண்டி அஞ்சலில் சேரவில்லை என்று ஜானகி அம்மாள் பின்னாளில் கூறியிருக்கிறார்.

அந்நாட்களில் நடந்த ஒரு விருந்தைப் பற்றிய செய்தி உண்டு. மணம் செய்துகொள்ள இருந்த இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இன்னொரு பெண்மணியையும் இராமானுஜன் தம் அறைக்கு அழைத்தார். தாமே சமைத்துப் பரிமாறினார். இரசத்தை விருந்தினர் விரும்பிக் குடித்தனர். இரண்டாம் முறையும் வாங்கிக் கொண்டனர். மூன்றாம் முறை போதும் என்றனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. விடுதியை விட்டு வெளியேறி வாடகைக் காரில் ஆக்ஸ்ஃபோர்டு சென்றுவிட்டார்! சில நாட்கள் கழித்தே திரும்பினார். தாம் படைத்த உணவை மறுத்தது தம்மையே அவமதித்ததாக அவருக்குப் பட்டது. இதைத் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அங்கே அவர் பிறருக்குக் கொடுக்கக்கூடிய ஒரே இல்லறப் பொருள் அந்த இரசம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

1917 வசந்தத்தில் நோய் கண்டது. மருத்துவ விடுதிகள் ஒவ்வொன்றாக மாறின. காச நோய் என்று கருதிய மருத்துவர்கள், அக்கால வழக்கப்படி குளிர்ந்த திறந்தவெளிக் காற்றில் படுக்க வைத்தனர். அங்கே உணவும் ஒத்துக்கொள்ளவில்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் தம் உயிரையே போக்கிக்கொள்ள முயன்றார். நல்வினைப் பயனாகப் பிழைத்தார். காவலரிடம் ஹார்டி நேரில் சென்று பேசி அவரை மீட்டார். அதே ஆண்டு மே மாதம் ராயல் கழகமும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தன. அதன் பிறகு அவர் மனம் தெளிந்ததையும், மீண்டும் கணிதம் ஊற்றெடுத்ததையும் உடனிருந்தோர் கண்டனர்.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். ஊர்ப் பிரிவுதான் இராமானுஜனைக் கொன்றது என்று சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாது. அவர் உடலில் உண்மையான நோய் இருந்தது. 1994இல் யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது காச நோயன்று, அமீபா கிருமியால் கல்லீரலில் உண்டான நோய் என்று வாதிட்டார். அக்காலத்திலேயே அதற்கு மருந்து இருந்தது. ஆனால் உண்ணாமலும் உறங்காமலும், கவனித்துச் சொல்ல ஆளில்லாமலும் இருந்த ஒருவரிடம் எந்த நோயும் எளிதில் வேரூன்றும் என்பதை மறுப்பார் இல்லை.

பெயர் வைத்தவர்கள்

மாணவர்களின் துன்பத்தை அக்கால அரசு அறியாமல் இல்லை. 1907இல் லீ-வார்னர் குழுவும், 1921இல் லிட்டன் பிரபு தலைமையில் மற்றொரு குழுவும் பிரிட்டனில் இந்திய மாணவர் நிலையை விசாரித்தன. 1909இல் லண்டனில் ஒரு தகவல் நிலையமும் ஏற்பட்டது. ஆனால் மாணவர்களிடையே அரசியல் உணர்ச்சி பரவுகிறதா என்பதில் ஆட்சியாளருக்கு இருந்த அக்கறையை மாணவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். உதவ வந்தவரைத் தங்களை உளவறிய வந்தவராகவே பலர் கருதினர். நம்பிக்கையில்லாத இடத்தில் மனத்துயரைச் சொல்வார் யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. ஃபுல்பிரைட் திட்டம், கொழும்புத் திட்டம் முதலியவற்றால் ஆயிரக்கணக்கானோர் நாடு விட்டு நாடு சென்று படித்தனர். அப்போதுதான் இது ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற தொடரை அமெரிக்க மானிடவியலார் கோரா துபாய் 1951இல் பயன்படுத்தினார். அதைப் பரப்பியவர் கனடாவில் பிறந்த மானிடவியலார் கலெர்வோ ஓபெர்க். 1954இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஒரு மகளிர் மன்றத்தில் அவர் ஆற்றிய உரை 1960இல் கட்டுரையாக வெளிவந்தது.

ஓபெர்க்கின் விளக்கம் எளிமையானது. ஒருவரைக் கண்டால் வணங்குவதா கை குலுக்குவதா, எப்போது சிரிப்பது, எப்போது மறுப்பது, எதை உண்மையாக எடுத்துக் கொள்வது என்று நாள்தோறும் நூற்றுக்கணக்கான சிறு அடையாளங்களை நாம் எண்ணிப் பாராமலே பின்பற்றுகிறோம். புதிய நாட்டில் இவையனைத்தும் ஒரே நேரத்தில் மறைந்து விடுகின்றன. அந்த இழப்பினால் எழும் பதற்றமே பண்பாட்டு அதிர்ச்சி. குடிநீரையும் உணவையும் பற்றிய மிகையான அச்சம், தம்மை ஏமாற்றுகிறார்கள் என்ற ஐயம், சிறு தடைக்கும் பெருங்கோபம், ஊர் திரும்பும் ஏக்கம் ஆகியவற்றை அதன் அறிகுறிகளாக அவர் கூறினார். இரசத்தை மறுத்ததற்கு ஆக்ஸ்ஃபோர்டு போனவரை இப்போது நம்மால் புரிந்துகொள்ள முடிகிறதல்லவா?

முதலில் தேனிலவு போன்ற மகிழ்ச்சி, பிறகு வெறுப்பு, பின்னர் தேறுதல், இறுதியில் இணக்கம் என நான்கு கட்டங்களை ஓபெர்க் வகுத்தார். 1955இல் நார்வே நாட்டு அறிஞர் லிஸ்கார்டும் இதை ஒத்த ஒரு முடிவை வெளியிட்டார். அமெரிக்கா சென்று வந்த 200 நார்வேக்காரர்களை விசாரித்ததில், ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியவர்களே மிகுதியாகத் துன்புற்றனர். வரைபடமாகப் போட்டால் ஆங்கில ‘யு’ எழுத்தின் வடிவம் கிடைக்கும்.

அறிவியலில் அழகான வளைகோடுகள் அனைத்தும் நிலைத்து விடுவதில்லை. லிஸ்கார்டு வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டாரேயன்றி, ஒரே ஆளைத் தொடர்ந்து கவனிக்கவில்லை. 1998இல் காலீன் வார்டும் அவர் குழுவினரும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய 24 மணி நேரத்திற்குள் தொடங்கி ஓராண்டு வரை தொடர்ந்து விசாரித்தனர். தேனிலவு எதுவும் தென்படவில்லை. துன்பம் தொடக்கத்திலேயே மிகுந்திருந்தது, பின்னர் குறைந்தது. முதல் வாரத்துத் தொலைபேசி உற்சாகத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது இதனால் விளங்கும். வீட்டார் வருந்துவரே என்று பிள்ளைகள் பலவற்றை மறைப்பதுண்டு.

மூன்று வட்டங்கள்

யார் எளிதில் தேறுகிறார், யார் தேறுவதில்லை என்ற கேள்விக்கு 1977இல் பாக்னரும் அவருடைய கூட்டாளிகளும் ஹவாயில் செய்த ஆய்வு பயனுள்ள விடை தந்தது. வெளிநாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள் வேண்டியிருக்கின்றன என்று அவர்கள் கண்டனர். ஒன்று, தம் நாட்டவர். தாய்மொழியில் மனம் விட்டுப் பேசவும், தம் உணவை உண்ணவும், தாம் யார் என்பதை மறவாதிருக்கவும் இவ்வட்டம் உதவும். இரண்டு, அந்நாட்டவர். படிப்பு, அலுவல், ஊர் நடப்பு ஆகியவற்றைக் கற்றுத்தருவோர் இவர்கள். மூன்று, பிற நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள். ‘நானும் உன்னைப்போல் அந்நியனே’ என்ற உறவில் பொழுதைக் கலகலப்பாக்குவோர் இவர்கள்.

இந்த அளவுகோலை நம் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். காந்தியடிகளுக்கு மரக்கறி சங்கத்தின் வாயிலாக இரண்டாம் வட்டம் கிடைத்தது. அது அவருடைய சத்தியத்தைக் கைவிடச் சொல்லாத வட்டம். ஆகவே அவர் தம்மை இழக்காமலே ஊரோடு கலந்தார். இராமானுஜனுக்கு இரண்டாம் வட்டத்தில் கணிதம் பேச ஆள் இருந்தார். கம்பளி விரிப்பதைச் சொல்ல ஆளில்லை. முதல் வட்டம் மிகச் சிறியது. ஊர்க் கடிதமும் அடைபட்டது. போர் மூன்றாம் வட்டத்தையே கலைத்துவிட்டது.

இன்னொரு தமிழரையும் பாருங்கள். 1930 ஜூலை 31இல் பம்பாயில் கப்பலேறிய எஸ். சந்திரசேகர், வெண்குறளி விண்மீன்களின் எடைக்கு உச்சவரம்பு உண்டு என்ற உண்மையை அந்தக் கப்பல் பயணத்திலேயே கணக்கிட்டவர். கேம்பிரிட்ஜ் அவருக்கும் தனிமையைத்தான் தந்தது. நோயுற்றிருந்த தாயாரே அவரைப் போகச் சொல்லி வற்புறுத்தியவர். 1931இல் அவர் இறந்தபோது மகன் அருகில் இல்லை. ஆனால் சந்திரசேகர் ஓரிடத்தில் முடங்கவில்லை. 1931 கோடையில் ஜெர்மனியின் காட்டிங்கனுக்கும், 1932இல் டென்மார்க்கில் நீல்ஸ் போரின் ஆய்வகத்துக்கும் சென்றார். கோபன்ஹேகனில் பல நாட்டு இளைஞர்கள் கூடிப் பேசிப் பழகும் சூழல் இருந்தது. மூன்றாம் வட்டம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது. தந்தையாரோடு கடிதப் போக்குவரத்தும் நடந்தது. 1933இல் டிரினிட்டி கல்லூரி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இராமானுஜனுக்குப் பின் அப்பெருமை பெற்ற இந்தியர் அவரே. 1983இல் நோபல் பரிசும் வந்தது.

இம்மூவரில் மனவுறுதியில் குறைந்தவர் என்று யாரைச் சொல்வது? சுற்றி நின்ற வட்டங்களில்தான் வேறுபாடு இருந்தது.

ஆரணி நெசவாளர் அறிந்த உவமை ஒன்று இங்கே பொருந்தும். தறியில் ஒரு பாவு முடிந்ததும் பழைய இழைகளை அடியோடு உருவி எறிவதில்லை. அச்சிலும் விழுதிலும் அவற்றின் நுனிகளை விட்டு வைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைப்பர். ஆயிரக்கணக்கான முடிச்சுகள், பொறுமையான வேலை. பழைய நுனி இல்லாவிட்டால் அனைத்து இழைகளையும் முதலிலிருந்து கோக்க வேண்டியிருக்கும். புதிய நாட்டில் இணங்குவதும் இவ்வாறே. பழையதை அறுத்தெறிபவருக்குப் பிணைக்க நுனி இராது. புதியதைத் தொடாதவருக்கு நெய்யப் பாவு இராது.

திரும்பும்போதும் ஓர் அதிர்ச்சி

ஊர் திரும்பியதும் எல்லாம் தீர்ந்துவிடுமா? 1963இல் கல்லாஹார்ன் தம்பதியர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், திரும்பி வருவோருக்கும் இதே இறக்கமும் ஏற்றமும் உண்டு என்று எடுத்துக்காட்டினர். ‘யு’ இரண்டு சேர்ந்தால் ‘டபிள்யூ’ அல்லவா? ஆகவே இதற்கு ‘டபிள்யூ’ வளைகோடு என்று பெயர்.

காந்தியடிகள் 1891இல் திரும்பிப் பம்பாயில் இறங்கியபோதுதான் தாயார் மறைந்த செய்தியை அண்ணன் சொன்னார். பிறகு நாசிக் சென்று நீராடி, சாதியாருக்கு விருந்து வைத்தும் ஒரு சாரார் அவரை ஏற்கவில்லை. இராமானுஜன் 1919 மார்ச் 27இல் பம்பாயில் இறங்கினார். தாயாரும் தம்பியும் வந்திருந்தனர். அவர் முதலில் விசாரித்தது ஜானகியைப் பற்றி. கடல் கடந்ததற்குப் பரிகாரமாக இராமேசுவரம் அழைத்துச் செல்லத் தாயார் விரும்பினார். உடல்நிலை இடம் தரவில்லை. நோய்ப்படுக்கையிலும் கணிதத்தை விடாத அவர், 1920 ஜனவரியில் ‘மாக் தீட்டா’ சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல் 26இல் சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் காலமானார். கடல் கடந்தவர் என்பதால் ஆசாரம் பேணிய உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. அந்நிய நாட்டில் ஊராரைத் தேடியவருக்கு, சொந்த ஊரிலும் ஊரார் இல்லாமற் போயினர்.

இன்று அந்தத் தடை இல்லை. கடிதம் அடைபடுவதுமில்லை, முகம் பார்த்தே பேசுகிறோம். ஆயினும் நாள் முழுதும் ஊராரோடு கைப்பேசியில் பேசிவிட்டு அறையை விட்டு வெளியே வராத மாணவருக்கு முதல் வட்டம் மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டும் நேரில் நடந்து போய்த் தேட வேண்டியவை.

ஆகவே பிள்ளையை அனுப்பும் பெற்றோர் மதிப்பெண்ணையும் செலவையும் மட்டும் கேளாமல், ‘யாரோடு சாப்பிட்டாய்?’ என்றும் கேட்க வேண்டும். போகிற மாணவர் தாம் அறியாததைத் தயங்காமல் கேட்கப் பழக வேண்டும். துயரம் வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் உணவும் குறைந்தால் பல்கலைக் கழக மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ காண்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்னே சென்றவர்கள் புதிதாக வருபவரின் கதவைத் தட்டி, குளிருக்கு என்ன செய்கிறாய் என்று விசாரிக்க வேண்டும். மகலனோபிஸ் செய்தது அவ்வளவுதான். அன்றிரவு முதல் இராமானுஜனுக்குக் கம்பளிக்குள் படுக்கத் தெரிந்தது.